எந்தப் பள்ளிப் பிள்ளை

லிஃப்ட்காரர் நல்ல மனுஷர். அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும், ஏனென்றால் அவர் செய்த காரியத்தைக் கேட்டால் யாருக்கும் அப்படித் தோன்றாது.

ஊரின் உயரமான கட்டடங்களில் ஏறி இறங்கும் லிஃப்டுகளில் பாதியாவது அவர் கைபட்டவை. பெட்டியின் தலைமேல் ஏறிக் குந்தி, நின்றிருக்கும் கயிற்றை உள்ளங்கையால் தடவிப் பார்த்து, இது தாங்கும், அது தாங்காது என்று சொல்வார். கையில் பட்டால்தான் அவருக்கு ஒரு விஷயம் உண்மை. காதில் விழுந்ததும் கண்ணில் பட்டதும் பாதி உண்மை. அப்படிப்பட்டவர் குடியிருந்ததோ லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் நாலாவது மாடியில். அவர் மனைவி பேக்கரியில் மாவு பிசைந்து, தோள்பட்டை கழன்று போய் வீட்டுக்கு வருவாள்.

"ஊரையே ஏத்தி இறக்கறீங்க. கட்டினவளுக்கு மட்டும் படிக்கட்டு" என்பாள்.

"காலுக்கு நல்லது" என்பார்.

ஒரே மகள். வீட்டில் அவள் பெயர் வாண்டு. பதினேழு வயதாகி, அம்மாவைவிட ஒரு பிடி உயரமாகிவிட்ட பிறகும் வாண்டுதான். அவளுக்கு மருந்து தயாரிக்கிற படிப்புப் படிக்க வேண்டும் என்று ஆசை. அந்தக் கல்லூரியில் சேர வேண்டுமானால் வேதியியலில் சாதாரணப் பாடம் போதாது, அதற்கு ஒரு படி மேலே உள்ள பாடத்தைப் பள்ளியிலேயே படித்துத் தனியாக ஒரு பெரிய பரீட்சையும் எழுதியிருக்க வேண்டும். அவள் பள்ளியில் அந்தப் பாடம் இல்லை. கேட்டதற்கு, "படிக்க ஆள் வேணுமேம்மா, உன் ஒருத்திக்காக வாத்தியார் போட முடியுமா" என்று தலைமை ஆசிரியர் கையை விரித்துவிட்டார்.

அப்போதுதான் மனைவியின் தம்பி உள்ளே நுழைந்தான். முனைக்கடையில் ஃபோன் விற்கிறவன், ஃபோனில் இல்லாதது உலகத்திலேயே இல்லை என்று நம்புகிறவன். அவன்தான் ஒரு பழைய லேப்டாப்பைத் தட்டித் திருத்திக் கொண்டுவந்து, ஆன்லைன் பள்ளி ஒன்றில் வாண்டுவைச் சேர்த்துவிட்டான்.

"அந்த ஸ்கூல் எங்கடா இருக்கு?" என்று கேட்டார் லிஃப்ட்காரர்.

"எங்கயும் இல்ல மாமா."

"எங்கயும் இல்லாம எப்படிடா ஸ்கூலு?"

"எங்கயும் இல்ல, ஆனா எல்லா இடத்துலயும் இருக்கு."

"அதுக்குப் பேரு சாமி மாப்ள. ஸ்கூல் இல்ல."

அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவர் உண்மையாகவே கேட்டார்.

ஃப்ரிட்ஜுக்கும் செருப்பு வைக்கும் தட்டுக்கும் நடுவில் ஒரு மேசை போட்டு, அதை வாண்டுவின் வகுப்பு என்று ஆக்கினார்கள். சனிக்கிழமைகளில் காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு அவள் உட்கார்ந்துவிட்டால் வீடு மூச்சுவிடாது. டீச்சரின் குரல் அவளுக்கு மட்டும்தான் கேட்கும். வெளியில் இருந்து பார்த்தால் பெண் தனக்குத் தானே தலையாட்டிக்கொண்டு, இல்லாத ஒருத்திக்கு "சரி மேடம்" சொல்லிக்கொண்டிருப்பாள். லிஃப்ட்காரர் பின்னால் போய் நின்று திரையை எட்டிப் பார்ப்பார். சின்னச் சின்னப் பந்துகள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு சுற்றும். டீச்சர் முகம் எங்கே என்று தேடுவார். வலது மூலையில் நகம் அளவுக்கு ஒரு வட்டம், அதற்குள் ஒரு எழுத்து. அதுதான் டீச்சராம்.

"உடம்பு சரியில்லையா அவங்களுக்கு? முகத்தையே காட்ட மாட்டேங்கறாங்க."

"அப்பா, அவங்க ஊர்ல இப்ப விடியவே இல்ல. தூக்கக் கலக்கத்துல இருப்பாங்க."

விடியாத ஊரிலிருந்து ஒருத்தி நடுப்பகலில் இருக்கிறவளுக்குப் பாடம் சொல்கிறாள். அவர் தலையைச் சொறிந்துகொண்டு வேலைக்குக் கிளம்பினார்.

சோதனைகளையும் அடுப்படியிலேயே செய்யச் சொன்னார்கள். ஊதா முட்டைக்கோஸை வேகவைத்து வடித்த தண்ணீரில் புளிப்பு விட்டால் சிவப்பாகும், சோடா மாவு போட்டால் பச்சையாகும். வாண்டு அதைப் பாட்டில் பாட்டிலாக ஃப்ரிட்ஜில் அடுக்கி வைத்திருந்தாள். ஒருநாள் மாமன்காரன் வெயிலில் வந்து, திராட்சைச் சாறு என்று நினைத்து ஒன்றை எடுத்து மடக் மடக்கென்று குடித்துவிட்டான். பிறகு இரண்டு நாள், யார் கூப்பிட்டாலும் கதவுக்கு உள்ளேயிருந்துதான் பதில் சொன்னான்.

"என்ன மாப்ள, நீ இப்ப சிவப்பா, பச்சையா?" என்று வெளியில் நின்று கேட்டார் லிஃப்ட்காரர். அந்த வருஷத்திலேயே அவர் வாய்விட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

இப்படியே பாடம் முடியும் கட்டத்துக்கு வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வாண்டு ஒரு பரீட்சை எழுத வேண்டும் என்றாள். அம்மா குக்கரை வைக்கவில்லை. கீழ்வீட்டில் சுவரைத் துளைத்துக்கொண்டிருந்தவரிடம் லிஃப்ட்காரர் போய்க் கையைப் பிடித்துக் கேட்டு மெஷினை நிறுத்தினார். பெண் எழுதி முடித்தாள். உடனே திரையில் ஒரு பெரிய எண் வந்தது. ஐந்து.

லிஃப்ட்காரர் அதைப் பார்த்ததும் போய் பால்கனியில் நின்றுகொண்டார். வருஷம் முழுக்கப் படித்த பிள்ளைக்கு நூற்றுக்கு ஐந்து. அவள் மனம் நோகக் கூடாதே என்று அவளிடம் கேட்கவும் இல்லை. அன்று சாயங்காலம் மனைவி ஒரு கேக் வாங்கி வந்தபோது, "இதுக்கு எதுக்கு கேக்கு, அவளைக் குத்திக் காட்டறியா" என்று அவள்மேல் எரிந்து விழுந்தார். அதற்குப் பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்தப் பரீட்சைக்கு மொத்தமே ஐந்துதான். அதற்கு மேல் மதிப்பெண்ணே கிடையாது.

"அப்ப என் பொண்ணு ஃபுல் மார்க்கா?"

"ஃபுல்லுதான். சும்மா பயிற்சிப் பரீட்சைப்பா. நிஜப் பரீட்சை இனிமேதான்."

முதல் பாதி அவர் காதில் விழுந்தது. இரண்டாவது பாதி விழவில்லை. மறுநாள் ஒர்க்ஷாப்பில் எல்லோரிடமும் மகள் பரீட்சையில் தேறிவிட்டாள் என்று சொல்லிவிட்டு வந்தார்.

நிஜப் பரீட்சையும் அதே மேசையில், அதே செருப்புத் தட்டுக்குப் பக்கத்தில்தான் நடக்கும் என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் நினைத்திருந்தார்கள். மாமன்காரனும் அப்படித்தான் நினைத்தான். யாரும் தப்பாக நினைத்தார்கள் என்று சொல்ல முடியாது. சமைத்த இடத்திலேயே சாப்பாடு போடுவார்கள் என்று நினைப்பது இயற்கைதானே.

ஒரு நாள் வாண்டு வகுப்பிலிருந்து எழுந்து வந்து அடுப்படி வாசலில் நின்றாள்.

"டீச்சர் கேக்கறாங்க, எந்த ஸ்கூல்ல பரீட்சைக்குப் பேர் குடுத்திருக்கேன்னு."

"இந்த ஸ்கூல்லதான்" என்று லேப்டாப்பைக் காட்டினாள் அம்மா.

"இவங்க பாடம் மட்டும்தாம்மா சொல்லித் தருவாங்க. பரீட்சை இவங்க வைக்கறதில்ல. நேர்ல ஒரு ஸ்கூல் ஹால்ல போய்த்தான் எழுதணுமாம். அந்த ஸ்கூலை நாமதான் தேடிப் பிடிக்கணுமாம். எல்லாரும் எப்பவோ பேர் குடுத்தாச்சு."

"சொல்லித் தர்றவங்க ஒருத்தரு, கேள்வி கேக்கறவங்க இன்னொருத்தரா? இது என்னடி நியாயம்?"

"முதல் நாளே எழுதி அனுப்பியிருக்காங்க. நான்தான் சரியாப் படிக்கல" என்றாள் வாண்டு.

பிந்தி வருகிறவர்களுக்கு என்று இன்னும் ஒரு கதவு மூடாமல் இருந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஏதாவது ஒரு பள்ளி அவள் பெயரைச் சேர்த்து அனுப்பினால் எழுதலாம். இல்லாவிட்டால் ஒரு வருஷப் படிப்பும் முட்டைக்கோஸ் தண்ணீரும் குப்பையில். கல்லூரியும் போச்சு. வாண்டு தன் பள்ளித் தலைமை ஆசிரியரிடம் ஓடினாள். "நாங்க சொல்லித் தராத பாடத்துக்கு நாங்க பொறுப்பேத்துக்க முடியாதும்மா. பரீட்சையும் வைக்க மாட்டோம், கையெழுத்தும் போட மாட்டோம்" என்று அவர் முடித்துவிட்டார். மற்றப் பள்ளிகளுக்கெல்லாம் மின்னஞ்சல் அனுப்பினாள். ஒன்றும் திரும்பிப் பார்க்கவில்லை.

"நீ உக்காந்து படி. ஸ்கூலை நான் பிடிக்கறேன்" என்றார் லிஃப்ட்காரர். அவருக்குள் ஒரு சின்னச் சந்தோஷம்கூட இருந்தது என்றே சொல்ல வேண்டும். கடைசியில் சுவரும் கேட்டும் உள்ள ஒரு பள்ளிக்கூடத்தைப் பற்றிப் பேசுகிறார்கள். அது அவர் கைக்கு எட்டுகிற சமாசாரம்.

"அக்கா, நானும் மாமாகூடப் போறேன்" என்றான் தம்பி.

"நீ ஒண்ணும் வர வேணாம். எங்கயும் இல்லாத ஸ்கூல்ல சேத்துவிட்டவன்தானே நீ."

வேலையில் விடுப்புப் போட்டு, இஸ்திரி போட்ட சட்டையைப் போட்டுக்கொண்டு அவர் பள்ளி பள்ளியாக ஏறி இறங்கினார். எல்லா இடத்திலும் இளிச்சவாயன் மாதிரி நின்றதுதான் மிச்சம். ஏனென்றால், போன இடத்திலெல்லாம் அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "என் பொண்ணை உங்க ஸ்கூல்ல சேத்துக்கணும்."

அவர் மனசில் இருந்த கணக்கு அப்படி. ஒரு பள்ளியில் பரீட்சை எழுத வேண்டுமானால் அந்தப் பள்ளியின் பிள்ளையாக இருக்க வேண்டும். அடுத்தவன் வீட்டுப் பிள்ளையை எவன் தன் வீட்டில் உட்கார்த்திக் கேள்வி கேட்பான்? அதனால் பரீட்சை என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. சேர்ந்துவிட்டால் பரீட்சை தானாக வரும் என்று இருந்துவிட்டார். அவர்களோ, கடைசி வருஷத்தில், அதுவும் வருஷம் முடியப் போகிற நேரத்தில் எந்த மனுஷன் பிள்ளையைப் பள்ளி மாற்றுவான் என்று அவரை மேலும் கீழும் பார்த்தார்கள்.

"என்ன பிரச்சன பொண்ணுக்கு?" என்று ஓரிடத்தில் மெதுவாகக் கேட்டாள் ஒரு குமாஸ்தா.

"ஒரு பிரச்சனையும் இல்ல. நல்லாப் படிக்கும். அஞ்சுக்கு அஞ்சு."

அந்த அம்மாள் பேனாவை மூடி வைத்தாள். இன்னொரு பள்ளியில்தான் ஒரு குமாஸ்தா, தொல்லை விட்டால் போதும் என்று, "முதல்ல பழைய ஸ்கூல்லருந்து விலகின சான்றிதழ் கொண்டாங்க, அப்புறம் பேசலாம்" என்று சொல்லி வைத்தான். இவருக்கு அது போதும். கதவு திறந்துவிட்டது என்று நினைத்து நேராக மகளின் பள்ளிக்குப் போனார். அங்கே தலைமை ஆசிரியர் ஏதோ கூட்டத்துக்குப் போயிருந்தார். அலுவலகத்தில் இருந்தவர் இரண்டு தடவை கேட்டார், நல்லா யோசிச்சீங்களா என்று. யோசித்தாயிற்று என்றார் லிஃப்ட்காரர். கையெழுத்துப் போட்டார். சான்றிதழை வாங்கி, மடங்கிவிடாமல் இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தார்.

அன்று வியாழக்கிழமை.

"பாதி வேல முடிஞ்சுது" என்று மேசைமேல் வைத்தார்.

வாண்டு எடுத்துப் பார்த்தாள். முதலில் அவளுக்கும் ஒன்றும் ஏறவில்லை. மறுபடி மேலேயிருந்து கீழே வரைக்கும் படித்தாள்.

"அப்பா, என் பேரை ஸ்கூல்லருந்து எடுத்துட்டீங்களா?"

"எடுத்தாத்தானே இன்னொரு இடத்துல சேக்க முடியும்?"

"யாரு சேக்கச் சொன்னா உங்கள? பரீட்சை எழுத ஒரு நாள் உக்கார விடுவாங்களான்னுதானே கேக்கணும்? ஒரு நாள்ப்பா. ஒரு நாற்காலி. அதுக்கு என் பேரையே வெட்டிட்டு வந்திருக்கீங்க."

"சேராம எப்படி உக்கார விடுவான்?"

அவள் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். பேக்கரியிலிருந்து வந்த மனைவி, கையில் மாவோடு நின்றபடியே எல்லாவற்றையும் கேட்டாள்.

"ஏங்க, கையில இருந்த ஒரு ஸ்கூலையும் தொலைச்சிட்டு வந்துட்டீங்களா?"

லிஃப்ட்காரருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. எங்கே தப்பு நடந்தது என்றே அவருக்கு விளங்கவில்லை. எதிர் எடையை இந்தப் பக்கம் இறக்கினால்தான் பெட்டி அந்தப் பக்கம் ஏறும். அவர் வேலையில் எல்லாம் அப்படித்தான். இங்கே மட்டும் இந்தப் பக்கமும் இறங்கி அந்தப் பக்கமும் இறங்கிக் கிடந்தது.

வெள்ளிக்கிழமை காலையில் வாண்டு தானே தலை வாரிக்கொண்டு, "வாங்க" என்றாள். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருக்கும் பெரிய பள்ளியில் இந்தப் பரீட்சை நடக்கிறது என்று டீச்சர் விசாரித்துச் சொல்லியிருந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்கும்போது, "நான் பேசறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க" என்றாள்.

பரீட்சைப் பொறுப்பில் இருந்த அம்மாள் கண்ணாடியை நெற்றிக்கு மேலே தூக்கிவிட்டுக்கொண்டு, அதையே மேசையெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். கண்ணாடி இருக்கும் இடத்தை வாண்டு சொன்னாள், வந்த காரியத்தையும் சொன்னாள். அந்த அம்மாளுக்குக் கண்ணாடி கிடைத்தது. பெயரைச் சேர்க்கும் பக்கத்தைத் திறந்தாள்.

"எந்த ஸ்கூல் பொண்ணு நீ?"

வாண்டு தன் பள்ளியின் பெயரைச் சொல்ல வாயெடுத்தாள். லிஃப்ட்காரர் அவள் சொன்னதை மறந்துவிட்டு முந்திக்கொண்டார். "இப்ப எந்த ஸ்கூலும் இல்லைங்க. நேத்துத்தான் எடுத்தேன்" என்று இரண்டு அட்டைகளையும் பிரித்து நீட்டினார்.

வாண்டு கண்ணை மூடிக்கொண்டாள்.

அந்த அம்மாள் சான்றிதழைப் பார்த்தாள். தேதியைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். "எதுக்குங்க எடுத்தீங்க?"

"இங்க சேக்கலாம்னு."

"இங்க யாரும் சேர வேணாமே. வெளிப் பிள்ளைங்க வந்து எழுதிட்டுப் போவாங்க. என்ன, அவங்க ஸ்கூல் தலைமை ஆசிரியர்கிட்டருந்து சம்மதக் கடிதம் வேணும். அது இல்லாம நான் பேரை ஏத்த மாட்டேன்."

கையெழுத்துப் போட மாட்டேன் என்று தலைமை ஆசிரியர் சொன்னது வாண்டுவின் காதில் இன்னும் இருந்தது.

"அவரு தர மாட்டாரு மேடம். கேட்டுட்டேன்."

"தரலைன்னா கஷ்டம்தான்" என்று சொல்லிக்கொண்டே அந்த அம்மாள் சான்றிதழை மறுபடி பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். "ஆனா, நீ அவரோட பிள்ளையே இல்லையே இப்ப. எந்த ஸ்கூல்லயும் இல்லாத பிள்ளைன்னா வீட்ல படிக்கற பிள்ளைன்னு போடலாம். அதுக்கு அப்பா கையெழுத்துப் போதும்."

லிஃப்ட்காரர் சான்றிதழை ஒரு தடவை எட்டிப் பார்த்தார்.

"அப்ப நான் எடுத்தது நல்லதுதானே?" என்று கேட்டார் லிஃப்ட்காரர். பெருமையாகக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

"ஒண்ணு சொல்லிடறேன்" என்றாள் அந்த அம்மாள். "பரீட்சை முடியற வரைக்கும் நீ எந்த ஸ்கூல்லயும் சேரக் கூடாது. சேந்தா இது செல்லாது. யோசிச்சுக்க. உன் ஸ்கூல் பரீட்சையும் வருதில்ல? அவங்க திரும்பச் சேத்துக்காம போனா நீ அதையும் எழுத முடியாது."

இப்போது பயந்தது லிஃப்ட்காரர்தான். "வேணாம் கண்ணு. கையில இருக்கறதையாவது காப்பாத்திக்கலாம். இப்பவே போய் உங்க ஹெட்மாஸ்டர் காலைப் பிடிக்கறேன்."

"கையில என்னப்பா இருக்கு? அதைத்தான் நேத்தே குடுத்துட்டு வந்துட்டீங்களே." அவள் அந்த அம்மாளைப் பார்த்தாள். "இதை எழுதறேன் மேடம். ஏத்துங்க."

பிறகு அப்பா பக்கம் திரும்பி, "ஸ்கூல் விஷயம் நீங்க பண்ணது. நீங்கதான் சரி பண்ணணும்" என்றாள்.

லிஃப்ட்காரர் கையெழுத்துப் போட்டார்.

அதன் பிறகு அவர் தலைமை ஆசிரியரின் அறை வாசலில் காத்துக் கிடந்த கதை பெரிய கதை. முதல் தடவை பார்க்கவே விடவில்லை. அடுத்த தடவை பார்த்தவர், "உங்க மாதிரி அப்பாவை நான் இதுவரைக்கும் பாத்ததில்ல" என்றார். திட்டா பாராட்டா என்று புரியாமல் இவர் இரண்டுக்கும் சேர்த்துத் தலையாட்டினார். கடைசியில் அந்த மனிதரும் இறங்கி வந்தார். பள்ளிப் பரீட்சைக்கு இன்னும் நாள் இருக்கிறது, பெரிய பரீட்சை முடிந்த மறுநாள் வரலாம். ஆனால் விலகிப் போன பிள்ளை புதுப் பிள்ளைதான், சட்டப்படி நுழைவுத் தேர்வு எழுதித் தேறித்தான் உள்ளே வர முடியும் என்று சொல்லிவிட்டார். ஆறு வயதிலிருந்து படித்த பள்ளிக்குள் நுழையத் தேர்வு.

பெரிய பரீட்சை நாள் வந்தது. லேப்டாப்பைக் கையோடு கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். லிஃப்ட்காரர் அதைக் கைக்குழந்தை மாதிரி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்தார். ஹாலின் கதவில் ஒரு கண்ணாடிச் சதுரம் இருந்தது. அதன் வழியாகப் பார்த்தார். வரிசை வரிசையாகப் பிள்ளைகள், ஆளுக்கு ஒரு லேப்டாப். அவர் மகள் தன் பழைய லேப்டாப்பைத் திறந்து, வீட்டில் உட்கார்ந்திருக்கும் அதே மாதிரி தோளைக் குறுக்கிக்கொண்டு அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அதே பெட்டிதான்" என்றார், பக்கத்தில் நின்ற காவலாளியிடம். "அதே பெட்டியைத்தான் வீட்லயும் பாத்துட்டிருந்தா. அதை இங்க தூக்கிட்டு வந்து பாக்கத்தான் இவ்வளவுமா?"

"இங்க பாக்க ஆள் இருக்குல்ல சார்" என்றான் காவலாளி.

அது கொஞ்சம் புரிந்த மாதிரி இருந்தது. பிறகு புரியாமல் போனது.

வாண்டு வெளியே வந்தபோது விரல்களை நீட்டி மடக்கிக்கொண்டே வந்தாள். ஒன்றையும் விடவில்லை, ஒரே ஒரு பெரிய கேள்விதான் இழுத்தடித்தது என்றாள். அவ்வளவு நாளுக்குப் பிறகு அன்றைக்குத்தான் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு படியிறங்கினாள். அவர் அதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேசினால் கையை விட்டுவிடுவாளோ என்று பயம்.

மறுநாள் விடிந்தும் விடியாததுமாக லிஃப்ட்காரர் குளித்து, அதே இஸ்திரிச் சட்டையைப் போட்டு, வெளிச் செருப்பையும் மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றார். லேப்டாப்பைத் துணியில் சுற்றி வைத்திருந்தார்.

"கிளம்பு வாண்டு. நுழைவுத் தேர்வு இல்ல இன்னைக்கு?"

வாண்டு பல் விளக்கிக்கொண்டே வந்து, துணியைப் பிரித்து, லேப்டாப்பை எடுத்துப் பழைய மேசையில் வைத்தாள்.

"எங்கயும் போக வேணாம்ப்பா. இதை வீட்ல இருந்தே எழுதலாமாம். நம்ம ஸ்கூல் இந்த வருஷத்துலருந்து ஆன்லைன்ல வைக்குது."

லிஃப்ட்காரர் மனைவியைப் பார்த்தார். அவள் தோளைக் குலுக்கிவிட்டுக் குக்கரை அடுப்பிலிருந்து இறக்கினாள். கட்டடமே இல்லாத பள்ளி ஆற்றைத் தாண்டிப் போய் எழுதச் சொல்கிறது. கேட்டும் சுவரும் மணியும் உள்ள பள்ளி, வீட்டிலேயே இரு என்கிறது. யாரிடம் கேட்பது? மச்சினனைக் கேட்டால் மறுபடியும் எல்லா இடத்திலும் இருக்கிறது என்பான்.

"வீட்டுக்குள்ள எதுக்குங்க செருப்பு? கழட்டுங்க" என்றாள் மனைவி, சத்தமில்லாமல்.

"இருக்கட்டும்" என்றார் அவர். மகள் எழுதி முடிக்கிற வரைக்கும் வாசல் பக்கத்தில், செருப்போடு, எழுந்து ஓடுவதற்குத் தயாராக உட்கார்ந்திருந்தார். நடுவில் எவனாவது மாற்றிச் சொல்லிவிட்டால் என்ன செய்வது?